எள் என்று சொல்லும் முன்பே

சர்வாதிகாரம் எப்படி வரும் என்று அறிவியல் புனைவு எழுத்தாளர்கள் பல தலைமுறைகளாகக் கற்பனை செய்துவருகிறார்கள். பூட்ஸ் காலோடு வரும், நள்ளிரவில் கதவைத் தட்டும். சம்பளம் வாங்காத தன்னார்வலராக, கையில் எக்செல் தாளோடு வரும் என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

2023 அக்டோபரில் சீனாவின் செங்டு நகரில் உலக அறிவியல் புனைவு மாநாடு நடந்தது. ஸஹா ஹதீத் நிறுவனம் வடிவமைத்த புத்தம்புது அருங்காட்சியகம், மேடை, விளக்கு, எதற்கும் குறையில்லை. ஹியூகோ விருதுகளும் அங்கேதான். நடுவர்கள் கூடிப் பேசித் தருகிற விருதல்ல இது. கைக்காசு போட்டு உறுப்பினராகும் வாசகர்களே பரிந்துரைத்து, வாக்களித்துத் தருவது. அந்தப் பெருமையை அவர்கள் பேசாத நாளில்லை.

2024 ஜனவரியில் வாக்குக் கணக்கு வெளியானது. ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவலுக்குப் போதிய பரிந்துரை இருந்தது, ஆனால் ‘தகுதியற்றது’. நெபுலா விருது வாங்கிய அதே நாவல்தான். புதிய எழுத்தாளருக்கான அஸ்டவுண்டிங் விருதில் ஷிரன் ஜே ஜாவுக்கும் அதே முத்திரை. ஏன் என்று கேட்டார்கள். விதிகளைப் பார்த்தோம், தகுதியில்லை என்று முடிவெடுத்தோம் என்றார் நிர்வாகி டேவ் மெக்கார்ட்டி. எந்த விதி ஐயா? அதற்கும் அதே பதில்.

பிப்ரவரியில் மின்னஞ்சல்கள் கசிந்தன. சீனா, தைவான், திபெத் பற்றி யார் என்ன எழுதினார், எங்கே போனார் என்று துருவித் துருவிக் கோப்பு போட்டவர்கள் பெய்ஜிங் அதிகாரிகள் அல்ல. வட அமெரிக்க விருதுக் குழுவினர். விமர்சகர் பால் வைமர் திபெத் போய்வந்தவர் என்று ஒரு குறிப்பு. மனிதர் போனது நேபாளத்துக்கு. ‘பேபல்’ பற்றிக் குறிப்பு எழுதியவர், தாம் அதைப் படிக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். எந்த உளவுத் துறையிலாவது இந்த லட்சணத்தில் வேலை பார்த்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் எள் என்று யாரும் சொல்லாமலே செக்கில் ஏறிப் படுத்தவர்கள். சீன அரசு எதையும் கேட்கவில்லை, எனக்கு யாரும் ஆணையிடவில்லை என்று மெக்கார்ட்டியே சொன்னார். தற்காப்புக்காகச் சொன்னாராம்! இதைவிடக் கேவலமான வாக்குமூலத்தை எதிர்த்தரப்பு வக்கீல்கூட எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

அடுத்தது இன்னும் ஆத்திரமூட்டுவது. ஒரு சீன வெளியீடு பரிந்துரைப் பட்டியல் போட்டது என்ற காரணத்தைக் காட்டி, அதன்படி வந்த பரிந்துரைச் சீட்டுகளையே நீக்கினோம் என்று குழுவில் இருந்த ஒருவர் பின்னர் ஒப்புக்கொண்டார். சீனா மனம் கோணக் கூடாது என்று மெனக்கெட்டவர்கள், தம் ஊருக்கு முதன்முறையாக வந்த விருதுக்குச் சீட்டுப் போட்ட சீன வாசகருக்குச் செய்த விருந்தோம்பல் இது.

தண்டனை? மெக்கார்ட்டிக்கும் வேறு சிலருக்கும் கண்டனம், மாநாட்டின் வணிக முத்திரையைக் காக்கும் அமைப்பிலிருந்து மெக்கார்ட்டியின் ராஜினாமா. அவ்வளவுதான்.

புதிய எழுத்தாளர் என்ற தகுதி இரண்டே ஆண்டு நீடிக்கும். ஜாவுக்கு அதில் ஒன்றை இவர்கள் தின்றார்கள். 2024 கிளாஸ்கோ மாநாட்டுக்காக அந்தக் காலத்தை நீட்டித்தார்கள். வாசகர்கள் விருதை ஜாவுக்கே கொடுத்தார்கள். ‘பேபலு’க்கு அந்த வழியும் இல்லை. செங்டுவில் நாவல் விருது டி. கிங்ஃபிஷருக்குப் போனது. நல்ல எழுத்தாளர், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. போட்டியாளரைக் கொல்லைப்புறமாக வெளியேற்றிவிட்டுத் தரும் வெற்றியை அவர் யாரிடமும் கேட்கவும் இல்லை.