மணிக்கு ஆகாது

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன குறை இருந்தாலும் அது மணியின் பெயரில்தான் வெளியே வரும்.

"மணிக்குக் காப்பி ஆறிப்போனா எறங்காதுலா, பாவம்" என்று அம்மா திண்ணையிலிருந்து சொன்னால், என் மனைவி பேசாமல் வந்து டம்ளரை எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவருவாள். மணி பிறந்ததிலிருந்து காப்பி குடித்ததில்லை. மணி எங்கள் நாய்.

மருமகளிடம் நேரே குறை சொல்வது அம்மாவுக்குக் கௌரவக் குறைச்சல். அப்பா இருந்தவரை அவரிடம் சொல்வதுபோல எங்களுக்குச் சொன்னாள். அவர் போன பிறகு கொஞ்சநாள் சுவரிடமும் காலண்டரிடமும் பேசிப் பார்த்தாள், சரிப்படவில்லை. மணி மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து முழுக்கக் கேட்டான். அன்றிலிருந்து மணி கட்சிக்காரன், அம்மா வக்கீல், நாங்கள் எதிர்த்தரப்பு.

மணியை 13 வருடத்துக்கு முன்னால் ஒருவர் ராஜபாளையம் என்று சொல்லித் தந்தார். சும்மா சொல்லவில்லை. 2005-இல் தபால் துறை நான்கு இந்திய நாய் வகைகளுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று, அப்பேர்ப்பட்ட வம்சம் என்று சரித்திர ஆதாரத்தோடு சொன்னார். ராஜபாளையம் என்றால் பால்வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. மணியும் அப்போது வெள்ளையாகத்தான் இருந்தான். மூன்றாம் மாதம் முதுகில் செம்பட்டை படர்ந்தது. ஆறாம் மாதம் வால் ஜிலேபி மாதிரி சுருண்டது. மூக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே கறுப்பு. நாங்கள்தான் மண் ஒட்டியிருக்கிறது என்று துடைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது மணிக்குக் கிழத்தனம் வந்துவிட்டது. பின்னங்கால் மூட்டில் பிடிப்பு. எழுந்திருக்கும்போது முதலில் முன்பக்கம் மட்டும் எழும். பின்பக்கம் யோசித்து முடிவெடுக்கும். கண்ணில் நீலம் பாய்ந்தது. கண்புரை என்று பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் இறுகி இப்படி நீலம் காட்டும், பார்வை பெரிதாகக் கெடாது என்றார். காதும் மந்தம். 'மணி' என்று பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். ஆனால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம் கொல்லைப்புறம் வரை கேட்கும். அம்மாவுக்கும் அதேதான். மாத்திரை சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காது. அடுப்படியில் நானும் மனைவியும் குசுகுசுவென்று பேசுவது வரி பிசகாமல் கேட்கும்.

மணிக்கு ஒரு துணை வேண்டும் என்ற யோசனை மகளுடையது. கல்லூரித் தோழி வீட்டுப் பக்கம் தெருநாய் ஒன்று ஐந்து குட்டி போட்டிருக்கிறது, ஒன்றைக் கொண்டுவந்தால் மணிக்கும் சுறுசுறுப்பு வரும் என்றாள். மணியை யாரும் கேட்கவில்லை. அம்மாதான் மணியிடம் சொன்னாள்: "துணைக்குத் துணைக்குன்னு சொல்லித்தாம்யா எல்லாரும் உள்ள வாராவ. பொறவு அடுப்படிச் சாவி அவிய இடுப்புல." என் மனைவி உள்ளே பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

மகள் அறிவியலைத் துணைக்கு அழைத்தாள். நாயின் ஒரு வருடம் மனிதனின் ஏழு வருடம் என்பதெல்லாம் பழைய கணக்காம். 2020-இல் சான் டியாகோவில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாப்ரடார் நாய்களின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து புதுச் சூத்திரம் தந்திருக்கிறார்களாம். நாயின் வயதுக்கு இயல் மடக்கை எடுத்து, 16-ஆல் பெருக்கி, 31-ஐக் கூட்ட வேண்டும். கணக்குப் போட்டதில் மணிக்கு 72 வந்தது. மணி லாப்ரடார் இல்லையே என்று கேட்டேன். "ராஜபாளையமும்தான் இல்ல" என்றாள். இதே சூத்திரப்படி ஒரு வயது நாய்க்கு 31 வயது. வரப்போகும் குட்டி அடுத்த வருடமே வேலைக்குப் போய்விடலாம்.

அம்மாவுக்கு 79. "அப்ப நம்மளவிட ஏழு வயசு எளையவனா? இந்த வயசுல நான் மாடியேறி வத்தல் காயப்போட்டுக்கிட்டிருந்தேன்" என்று அவள் மணியைப் பார்த்த பார்வையில் முதன்முறையாக வக்கீலுக்குக் கட்சிக்காரன்மேல் ஒரு இளக்காரம் தெரிந்தது.

குட்டி வந்த விதம் தனிக் கதை. பழைய நாய் இருக்கிற வீட்டுக்குள் புதுக்குட்டியை நேரே கொண்டுபோகக் கூடாது, அது அவன் எல்லை, பொதுவான ஒரு இடத்தில் வைத்து இரண்டையும் பழக்க வேண்டும் என்பது விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது. தடுப்பூசி எல்லாம் முடியாத குட்டியை நாய் நடமாடுகிற பொது இடத்தில் கீழே விடக் கூடாது, பார்வோ தொற்றிவிடும் என்பதும் அதே ஆட்கள் சொல்வதுதான். இரண்டுக்கும் கட்டுப்பட்டு, காய்கறிக் கூடையில் குட்டியை உட்காரவைத்துத் தெருமுனைக் காலிமனைக்குக் கொண்டுபோனோம். மணியை நான் நடத்திக் கூட்டிப்போனேன். இருநூறு அடி தூரத்துக்கு இருபது நிமிடம். வழியில் இருந்த ஒவ்வொரு மின்கம்பத்திலும் அவனுக்குப் பழைய பாக்கி இருந்தது. "மணி தரப்புல ஒரு ஆளு வேண்டாமா?" என்று அம்மாவும் குடையோடு வந்தாள்.

மணி கூடையை முகர்ந்தான். வழக்கம்போல முருங்கைக்காய் என்று நினைத்துத் திரும்பும்போது முருங்கைக்காய் அவன் மூக்கைக் கடித்தது. அவன் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்தான். ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கும்போது எங்கள் அலுவலகத்தில் என் மேஜைக்கு எதிரே புதுப் பையன் ஒருவனை உட்காரவைத்தார்கள். அன்று நானும் மேலாளரை அப்படித்தான் பார்த்தேன்.

குட்டிக்கு மகள் 'மோச்சி' என்று பெயர் வைத்தாள். ஏதோ ஜப்பான் பலகாரமாம். அம்மா ஒரே தடவை கேட்டுவிட்டு, "மொச்சையா? நல்ல பேருதான்" என்றாள். ஒரு வாரத்தில் பால்காரர் வரை மொச்சை என்று கூப்பிட ஆரம்பித்து, தடுப்பூசி அட்டையிலும் மொச்சை என்றே ஏறிவிட்டது. இவ்வளவு செய்த அம்மா அதைத் தொட மட்டும் மாட்டாள். "சவத்து மூதி, தள்ளிப் போ" என்று விசிறிக் காம்பால் தரையைத் தட்டுவாள்.

நாய்க்குட்டிக்குப் பால்பல் 28. அத்தனையும் குண்டூசி. மொச்சை அந்த 28-ஐயும் மணியின் வாலில் வைத்துச் சோதித்துப் பார்த்தது. ஜிலேபி வால் அதற்கு வசதியாக இருந்தது. மணி எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுப்பான். அவன் பின்பக்கம் முடிவெடுத்து எழுவதற்குள் மொச்சை அந்த வேறு இடத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருக்கும். நாலாம் நாள் மணி உறுமினான். அடிவயிற்றிலிருந்து, மேலுதட்டைத் தூக்கி, பாக்கியிருக்கும் பல்லையெல்லாம் காட்டி உறுமினான். "சின்னப் புள்ளகிட்ட என்னடா கோவம்?" என்று மனைவி அதட்டினாள்.

டாக்டர் அதைக் கேட்டுவிட்டு மனைவியைத்தான் கண்டித்தார். உறுமுவதை அதட்டவே கூடாதாம். எனக்குப் பிடிக்கவில்லை, நிறுத்திக்கொள் என்று நாய் மரியாதையாகச் சொல்கிற முறை அது. அதை அடக்கிவிட்டால் நாய் உறுமாது. அடுத்த தடவை நேரே கடித்துவிடும். எங்கள் அலுவலகப் பாஷையில், மெமோவை வாங்கிக்கொள்ள மறுத்தால் சஸ்பெண்ட் ஆர்டர்தான் வரும்.

வீட்டுக்கு வந்ததும் நான் மணியோடு அம்மாவையும் சேர்த்து யோசித்தேன். அன்று சாயங்காலம் "மணிக்குச் சாம்பார்ல உப்பு தூக்கலா இருந்தா ஆகாதுலா" என்ற குரல் வந்தபோது, மனைவி முகம் சுளிக்கவே இல்லை. "உறுமட்டும்" என்றாள் மெதுவாக. அம்மாவுக்கு அது கேட்டிருக்கும்.

ராத்திரிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால், குட்டி எத்தனை மணி நேரம் அடக்கும் என்று உத்தேசமாகத் தெரிந்துவிடும். மொச்சைக்கு இரண்டு மாதம், ஆக மூன்று மணி நேரம். எனக்கும் இந்த வயதில் ஏறக்குறைய அதே கணக்குதான். இரண்டு பேரும் ஒன்றாகப் போய்விட்டு வந்தோம்.

மணியின் மூட்டுக்குக் குளிர்ந்த சிமெண்டுத் தரை ஆகாது, மெத்தென்று ஏதாவது போடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் ஆன்லைனில் ஒரு மெத்தை வரவழைத்தாள். நாய்களின் மூட்டுக்கென்றே செய்த மெத்தை. விலையைச் சொன்னால் அம்மா காதுக்குப் போய்விடும், வேண்டாம். மணி அதைச் சுற்றிவந்து முகர்ந்துவிட்டுத் தரையில் படுத்தான். மொச்சை மெத்தையில் படுத்தது. பிறகு மணி எழுந்து ஒரே ஒரு உறுமல் விட்டான். மொச்சை இறங்கி மூலைக்குப் போனது. எங்கள் வீட்டில் ஒரு மெமோவுக்கு அவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்து நான் பார்த்ததில்லை.

அம்மா மூன்று நாள் மணி பெயரை எடுக்கவே இல்லை. காப்பி ஆறியது, குடித்தாள். மின்விசிறி கிரீச்சிட்டது, ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. தீர்ப்பு கட்சிக்காரனுக்கு வந்துவிட்டது. வக்கீலுக்கு ஃபீஸ் வரவில்லை. உள்ளே போய் அம்மாவின் கட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். அப்பா காலத்து மெத்தை. பஞ்செல்லாம் இரண்டு ஓரத்துக்கும் ஒதுங்கி, நடுவில் வெறும் துணிதான் பலகைமேல் கிடந்தது.

அன்றைக்கே ஜங்ஷன் போய் இலவம்பஞ்சு மெத்தை ஒன்று தைக்கச் சொல்லி வாங்கிவந்தேன். "இப்ப எதுக்குய்யா செலவு?" என்றாள். இரண்டு தலையணையும் போட்டுப் படுத்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினோம். கதவைத் திறந்ததும் வீட்டுக்குள் பஞ்சு பறந்தது. இலவம்பஞ்சு லேசு, கதவு திறந்த காற்றுக்கே எழும்பி, மின்விசிறிக்கு மேலே போய் நிதானமாக இறங்கியது. சாமி படத்தில், டிவியில், ஊறுகாய் ஜாடி மூடியில் எல்லாம் பஞ்சு. நடுக்கூடத்தில் மெத்தை வயிறு கிழிந்து கிடந்தது. பக்கத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில், இந்த ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக, மொச்சை. அதன் மீசையில் பஞ்சு. ஒரு தும்மல் போட்டது. வாயிலிருந்தும் கொஞ்சம் வந்தது.

"கடைக்காரன் சரியா அடைக்கல" என்றாள் அம்மா. "முடிச்சு முடிச்சா இருந்துச்சு. பிரிச்சு வெயில்ல உலத்தலாமேன்னு நான்தான் பிரிச்சேன்."

மெத்தையின் கிழிசல் ஓரத்தில் குண்டூசி குண்டூசியாகப் பல் பதிந்திருந்தது. என் மனைவி அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மூலையில் நின்றிருந்த மணியிடம் போய்ச் சொன்னாள்:

"ஏ மணி, இந்த வயசுல ஆச்சிக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேளு."

அம்மா மொச்சையின் மீசையிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே பதில் சொன்னாள். "மணி, அவளுக்குக் கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிட்டுதான்னு கேளு. முகம் வாடியிருக்கு. ரசம் வச்சிருக்கேன்."

மணிக்கு இரண்டுமே கேட்கவில்லை. அவன் நடுக்கூடத்துக்கு வந்தான். பஞ்சுக் குவியலைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றினான். முன்பக்கம் முதலில் படுத்தது. பின்பக்கம் கொஞ்சம் யோசித்தது.