குண்டு விழுந்த தூரம்

பெறுநர்: மகா கனம் பொருந்திய எலிஹு யேல் துரையவர்கள், சென்னைப்பட்டணம் புனித ஜார்ஜ் கோட்டையின் முன்னாள் கவர்னர். தற்போதைய இருப்பு: செயின்ட் ஜைல்ஸ் தேவாலயக் கோபுரத்தின் காலடி, ரெக்ஸம், வேல்ஸ்.

அனுப்புநர்: கடலூர் தேவனாம்பட்டினத்தில் பிறந்து, நாட்டிங்ஹாமில் பிழைத்து, நாட்ஸ் கவுன்ட்டி என்ற கால்பந்து அணியை நம்பிக் கெட்ட ஒருவன்.

நாள்: மே 3, 2023.

துரையவர்கள் சமூகத்துக்கு அநேக கும்பிடுகள். இவ்விடம் நான் நலமில்லை. அவ்விடம் எல்லாரும் எக்கச்சக்க நலம் என்பதை நேற்று செல்போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கூரையில்லாத பஸ்களில், லீக்கை வென்ற ரெக்ஸம் கால்பந்து ஆண்கள் அணி, பெண்கள் அணி, முதலாளிகளான இரண்டு நடிகர்கள் எல்லாரும் ஊர்வலம் வந்தார்கள். தெருக்களில் எள் போட்டால் எள் விழாது. குண்டு போட்டால் விழுந்திருக்கும். ஏன் குண்டு என்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும்.

முதலில் இன்று காலை ஆபீசில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் ஊர்க்காரர் ஒருவர் பத்து வருஷமாக எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனுஷர். ரெக்ஸம் ஐந்தாம் அடுக்கில் கிடந்தவரை, கால்பந்து என்று ஒரு விளையாட்டு இருப்பதே அவருக்குத் தெரியாதோ என்று நினைக்கும்படி இருந்தவர். இன்று சிவப்பு கிரீம் பூசிய கேக்கோடு வந்தார். மேலே வெள்ளையில் 111 என்று எழுதியிருந்தது. தங்கள் அணி எடுத்த புள்ளிகள். எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தார். என் முறை வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே ஒரு கப்கேக். கறுப்பு வெள்ளை, எங்கள் சட்டையின் நிறம். மேலே 107. “சர்க்கரை கம்மிதான், உனக்காகத் தனியா செஞ்சது” என்றார். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

இதை அந்த நடிகர்களுக்கு எழுதலாமே என்பார்கள். அவர்களுக்கு எழுத உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. எனக்குப் பழைய பாக்கி தங்களிடம்தான்.

1690-ல் தாங்கள் கவர்னராக இருந்தபோது, எங்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராத்தியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பத்திரத்தில் நயமான ஒரு ஷரத்து: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம்வரை நிலமும் சேர்த்தி. அதற்கென்று நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பினீர்கள். குண்டை எவ்வளவு தூரம் கொண்டுபோவது என்பது சுடுகிறவனின் கைத்திறமை என்று குறிப்பும் போனதாம். சும்மா சொல்லக் கூடாது, கைத்திறமைதான். கடலூர்ப் பட்டணமே உள்ளே வந்துவிட்டது. குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் எங்கள் பக்கம் பெயர் இருக்கிறது. சர்வேயர் இல்லை, சங்கிலி இல்லை, வில்லங்கச் சான்றிதழ் இல்லை. குண்டு விழுந்தது, நிலம் போனது.

ஆகவே, எது எங்கே விழுந்தாலும் அது தங்களுக்குச் சொந்தம் என்பது எங்களுக்கு 333 வருஷத்துப் பழக்கம். ஏப்ரல் 10-ம் தேதி நடந்ததையும் அந்தக் கணக்கில்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

அன்று ஈஸ்டர் திங்கள். ஆளுக்கு 100 புள்ளியோடு இரண்டு அணிகளும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இறங்கின. முதல் பாதி முடிகிற நேரத்தில் எங்கள் போஸ்டாக் ஒரு ஃப்ரீகிக்கை வலைக்குள் அனுப்பினார். குண்டு விழுந்துவிட்டது, மைதானம் நமக்குத்தான் என்று பத்திரம் எழுத உட்கார்ந்தேன். முத்திரைத்தாள் வாங்குவதற்குள் மலின் ஒன்று போட்டார், மெண்டி ஒன்று போட்டார். எங்கள் கேமரன் தலையால் முட்டிச் சமன் செய்தார். அந்தச் சந்தோஷம் சில நிமிஷம். எலியட் லீ வந்தார். 3-2.

இஞ்சுரி டைமும் முடியப்போகிற நேரத்தில் தங்கள் ஆள் ஒருவர் கையில் பந்து பட்டது. பெனால்ட்டி! நான் சோபாவில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். கோலுக்குள் நின்றவர் பென் ஃபாஸ்டர். ஒரு காலத்தில் இங்கிலாந்துக்கு ஆடியவர், ஓய்வு பெற்று யூடியூபில் பேசிக்கொண்டிருந்தவரை மார்ச் மாதம் கூப்பிட்டு நிறுத்தியிருந்தீர்கள். 40 வயது முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. என் வயதுக்காரர், எனக்குக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அந்த மனுஷர் பாய்ந்து தடுத்துவிட்டார். அடுக்களையிலிருந்து என் மனைவி, “என்னங்க, விழுந்துடுச்சா?” என்றாள். விழுந்தது. எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. எங்கே விழுந்தாலும் தங்களுடையதுதானே.

தோல்வியில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் தாங்கள் நம்பமாட்டீர்கள், நானும் நம்பமாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 46 ஆட்டத்தில் உங்கள் அணி தோற்றது 3, நாங்கள் தோற்றதும் 3. உங்கள் அணி அடித்தது 116 கோல், நாங்கள் 117. இந்த லீக்கில் பழைய சாதனை 2011-ல் கிராலி எடுத்த 105 புள்ளி. அதை நாங்களும்தான் உடைத்தோம். மூன்றாவதாக வந்த செஸ்டர்ஃபீல்டு எங்களுக்கு 23 புள்ளி கீழே. எங்களுக்கு மேல் அடுக்கில் மூன்று அணிகள் நேராக ஏறுகின்றன. இங்கே மட்டும் நேரே மேலே போக ஒரே ஒரு கதவு. இன்னொரு கதவுக்கு ஏழாவதாக வந்தவன்வரை வரிசை. ஆகஸ்டிலிருந்து மழையிலும் பனியிலும் உருண்டு 107 புள்ளி எடுத்த பையன்களை, 72 புள்ளிக்காரனோடு மறுபடி மல்லுக்கு நிற்கச் சொல்கிறார்கள். ஒரு மத்தியானம் கால் வழுக்கினால் வருஷம் பூராவும் வீண். இது என்ன நியாயம்? எந்த அறிவு கெட்டவன் எழுதிய சட்டம் இது?

மன்னிக்க வேண்டும். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. இது தாங்கள் எழுதிய சட்டமல்ல என்பது எனக்குத் தெரியும். தாங்கள் எழுதியிருந்தால் அதில் ஒரு பீரங்கியாவது இருந்திருக்கும்.

தங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை புகழ்ந்து எழுதாமல் மனு பூர்த்தியாகாது. 1864-ல் பிறந்த அணி. நாங்கள் 1862, இரண்டு வயது மூத்தவர்கள். யுவென்டஸ்காரர்கள் 1903-ல் கறுப்பு வெள்ளை மாட்டிக்கொண்டது எங்களைப் பார்த்துத்தான். எங்கள் ரசிகர்கள் பாடுவதோ சக்கரம் கழன்ற தள்ளுவண்டியைப் பற்றி. ஒரு கூட்டம் தன்னைத்தானே இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு பாடி நான் கேட்டதில்லை. ரேஸ்கோர்ஸில் முதல் சர்வதேச ஆட்டம் நடந்தது 1877-ல். வேல்ஸ் ஸ்காட்லாந்திடம் தோற்றது. 1992-ல் முந்தின வருஷத்துச் சாம்பியன் ஆர்சனலை, முந்தின வருஷம் லீக்கிலேயே கடைசி இடத்தில் இருந்த தங்கள் அணி அங்கேதான் 2-1 என்று சாய்த்தது. அதிலும் ஒரு ஃப்ரீகிக் உண்டு. மிக்கி தாமஸ் அடித்தது. குண்டென்றால் அது குண்டு. நேஷனல் கேலரியிலோ வேறெங்கோ அந்த ஓசையைப் பாதுகாத்து வைக்கலாம்.

வேல்ஸில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்து லீக்கில் ஆடுவதை மட்டும் யாரும் கேட்பதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் புள்ளி. குண்டு எல்லை தாண்டி விழுந்திருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொள்கிறேன். ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் 1882-ல் தொடங்கிய லாகர் பீர்கூடத் தங்கள் ஊர்ப் பெருமைதான். வேல்ஸ்காரர்கள் இங்கிலாந்துக்காரர்களைத் தோற்கடித்துவிட்டு ஜெர்மன்காரர் பீரைக் குடித்துக் கனடா நடிகருக்கு ஜே போடுகிறார்கள். இதில் ஒரு கடலூர்க்காரன் அழுவதற்கு இடமில்லையா என்ன?

ஒரு விஷயத்தில் மட்டும் நக்கல் வரவில்லை. 1934 செப்டம்பர் 22, க்ரெஸ்ஃபோர்டு சுரங்க வெடிப்பில் 266 பேர் இறந்தார்கள். அன்று மத்தியானம் ரெக்ஸம் ஆட்டம் இருந்தது. அதைப் பார்ப்பதற்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு ராத்திரியே இறங்கியவர்கள் அதில் உண்டு. பெரும்பாலோரை மேலே கொண்டுவரவே முடியவில்லை. 2011-ல் அணி மூடப்பட இருந்தபோது ஒரே நாளில் லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்ததும் அந்த ஊர் சனம்தான். கேமரா எதுவும் அப்போது வரவில்லை. எதிர் நாற்காலிக்காரரும் கொடுத்தாராம். பத்து வருஷத்தில் அதையும் என்னிடம் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஊரை எப்படித் திட்டுவது? பாவி ஊர்.

அதனால் திட்டத் தங்களையே வைத்துக்கொண்டேன். 1672-ல் வருஷம் 10 பவுண்டு சம்பளத்துக்குக் கணக்கெழுத வந்து, கவர்னராகி, சொந்த வியாபாரத்தில் கொழுத்து, 1692-ல் கம்பெனியே தங்களைப் பதவியிலிருந்து இறக்கியது. தாங்களும் ரெலகேஷன் கண்டவர்தான் என்பதில் எனக்கொரு சின்ன ஆறுதல். பிறகு கனெக்டிகட்டில் ஒரு கல்லூரிக்கு மூட்டை மூட்டையாகத் துணி, 417 புத்தகம், ராஜா படம் ஒன்று அனுப்பினீர்கள். சரக்கு விற்றதில் 562 பவுண்டு சொச்சம் தேறியது. அதற்கே யேல் கல்லூரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்; இன்று அது யேல் பல்கலைக்கழகம். முதலாளி நடிகர்கள் ரெனால்ட்ஸும் மெக்கெல்ஹென்னியும் 20 லட்சம் பவுண்டு போட்டும், அணிக்கு இன்னும் ரெக்ஸம் என்றுதான் பெயர். தொழில் தெரியாதவர்கள். தங்கள் பெயரில் ரெக்ஸமில் ஒரு மதுக்கடையும் உண்டு; வெற்றி அன்று அங்கே கூட்டம் தாங்கவில்லை என்று எதிர் நாற்காலி சொன்னது.

அந்தத் துணி எங்கள் கரையில் நெய்தது, துரையே. தங்கள் ஆட்சியில் எங்கள் கரையிலிருந்து போன கப்பல்களில் ஆட்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். அவர்களுக்குக் கோபுரமும் இல்லை, கல்லும் இல்லை, எந்தக் கல்லூரிக்கும் அவர்கள் பெயர் இல்லை. அவர்களை ஏற்றியவர் கல்லறையைப் பார்க்க டூரிஸ்ட் வருகிறான்.

சரி. கும்பிட்ட கையைக் கீழே போடாமல் மனுவுக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மெடோ லேன் மைதானத்தில் பிளே-ஆஃப் அரையிறுதி. அன்று ஒரு நாளைக்கு அந்தத் தேவனாம்பட்டினத்துப் பீரங்கியைக் கடனாகத் தர வேண்டும். சுடுகிறவனும் வேண்டும், கைத்திறமையோடு. வாடகை கேட்கலாகாது; எங்கள் ஊர்க் கணக்கில் 333 வருஷத்து வட்டி நிற்கிறது, அதில் கழித்துக்கொள்ளுங்கள். பீரங்கி தர இயலாவிட்டால், ஃபாஸ்டரையாவது அன்று தேவாலயத்துக்கு அழைத்து, வெளியே விடாமல் பேசிக்கொண்டிருங்கள். எங்களுக்கு எதிராக அவர் ஆடப்போவதில்லைதான். ஆனாலும் பயமாக இருக்கிறது.

தங்கள் பிள்ளை டேவிட் சின்ன வயதில் இறந்து, சென்னையில் சட்டக் கல்லூரி வளாகத்தில் கிடக்கிறான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பார்த்துவிட்டு வருகிறேன். அது அவன் தப்பில்லை.

கடைசியாக அந்த டப்பா விஷயம். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மனைவி பொருள்விளங்கா உருண்டை பிடித்து வைத்திருக்கிறாள். பயறு வறுத்து அரைத்து, வெல்லப்பாகு கொஞ்சம் முற்றிவிட்ட பாகமாம். மேஜையில் தட்டிப் பார்த்தேன், மேஜையில்தான் தழும்பு. நாளைக் காலை ஒன்றே ஒன்று டப்பாவில் போட்டு எதிர் நாற்காலியில் வைக்கப்போகிறேன். கடித்தபின் அவர் பல் போய் எங்கே விழுகிறதோ, அதுவரை ஆபீஸ் எனக்கு.

இப்படிக்கு,
குண்டு உப்பலவாடிக்குப் பக்கத்து ஊர்க்காரன்