தொண்டும் சம்பளமும்

மனிதன் ஜீவனோபாயத்துக்காக மேற்கொள்ளும் உத்தியோகங்களுள், உறவினரிடம் சொல்லிப் புரியவைப்பதற்கு மிகக் கடினமானது தொண்டு நிறுவன உத்தியோகமே என்பது எனது தீர்க்கமான அபிப்பிராயம். தாசில்தார் என்றால் புரிகிறது. பாங்கிக் குமாஸ்தா என்றால் புரிகிறது. கம்ப்யூட்டர்க்காரன் என்றால், என்ன செய்கிறான் என்பது புரியாவிட்டாலும் எவ்வளவு வாங்குகிறான் என்பதாவது புரிகிறது. என் பெரியப்பாவோ, நான் வேலையில் சேர்ந்த செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு, "பரோபகாரம் ரொம்ப நல்லதுதான், தம்பி, அது சரி, சம்பளத்துக்கு எங்கே போகிறாய்?" என்று வினவினார். "சம்பளமும் அங்கேதான், பெரியப்பா" என்று நான் சொன்ன மாத்திரத்தில் அவர் முகத்திலிருந்த வாத்ஸல்யம் மறைந்து, கோயில் உண்டியலில் கைவிட்டவனைப் பார்க்கும் தர்மகர்த்தாவின் பார்வை அங்கே குடியேறியது. சம்பளம் வாங்காதவன் பிழைக்கத் தெரியாதவன். வாங்குகிறவனோ தர்மப் பணத்தைத் தின்கிறவன். மூன்றாவதாக ஓர் இடத்தை நமது சமூகம் தொண்டனுக்கு இன்னும் ஒதுக்கவில்லை.

இந்தச் சங்கடத்தை முன்கூட்டியே உணர்ந்தவர் கோபால கிருஷ்ண கோகலே. 1905-ஆம் ஆண்டில் பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை அவர் ஸ்தாபித்தபோது, அங்கத்தினர்கள் ஏற்க வேண்டிய விரதங்கள் ஏழினுள், தமக்கும் தம் குடும்பத்துக்கும் சங்கம் அளிக்கக்கூடியதைக் கொண்டு திருப்தியடைவது என்பதையும் ஒன்றாக வைத்தார். அதாவது, தேசபக்தனுக்கும் வயிறு உண்டு, அந்த வயிற்றுக்குப் பின்னால் ஒரு பெண்டாட்டியும் பிள்ளைகளும் உண்டு என்பதை எழுத்து மூலமாகவே ஒப்புக்கொண்டார். திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்த சீனிவாச சாஸ்திரியார், அந்தப் பதவியை உதறிவிட்டு 1907-இல் அந்தச் சங்கத்தில்தான் போய்ச் சேர்ந்தார். இவ்வளவையும் பெரியப்பாவிடம் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். "சாஸ்திரியார் இங்கிலீஷ் பேசினால் வெள்ளைக்காரனே வாயைப் பிளந்தான், நீ எதற்கு?" என்று ஒரே வாக்கியத்தில் அவர் விவாதத்தை முடித்துவிட்டார்.

உண்மையில் என்னை இத்துறைக்குள் இழுத்துவந்தது கருணையன்று, கைக்கொப்புளம். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969-இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் கல்லூரி மாணவன், ஆண்டுக்கு 120 மணி நேரம் சமூகசேவை செய்வதோடு, கிராமமொன்றில் ஒரு வாரம் முகாமிட்டுத் தங்கவும் வேண்டும். எங்கள் முகாமில் வாய்க்கால் தூர்வாருவதாக ஏற்பாடு. நாங்கள் மண்வெட்டி பிடித்த லட்சணத்தைக் கரையில் நின்று வெகுநேரம் பொறுமையோடு கவனித்த ஒரு கிழவி, "இங்க குடு ராசா, காலை வெட்டிக்கப் போற" என்று அதை வாங்கி, நாங்கள் காலையெல்லாம் வெட்டியதைக் காட்டிலும் அதிகமாகச் சற்று நேரத்தில் வாரிப் போட்டுவிட்டு, எங்களுக்கு மோரும் கொடுத்தாள். யார் யாருக்குச் சேவை செய்தார்கள் என்று குறிப்பிடுவதற்கு முகாம் அறிக்கையில் கட்டம் எதுவும் இல்லை. கை கொப்பளித்துப்போன என்னை மளிகைக் கணக்கு எழுத உட்கார்த்தினார்கள். கடைசி நாளன்று வரவும் செலவும் சல்லி பிசகாமல் ஒத்துப்போயிருந்ததைக் கண்ட பொறுப்பாசிரியர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் கூட்டிப் பார்த்தார். தொண்டுலகில் என் ஸ்தானம் அப்போதே நிர்ணயமாகிவிட்டது.

நெஞ்சில் ஈரமுள்ளவர்கள் இந்நாட்டில் ஏராளம். வவுச்சர் வாங்கி வருகிறவர்கள்தாம் அபூர்வம். மருத்துவ முகாமில் தொண்டர்களுக்கு வாங்கிக் கொடுத்த டீக்கு ஆடிட்டர் ரசீது கேட்பார். டீக்கடைக்காரரோ ரசீதுப் புத்தகத்தைத் தம் ஆயுளில் கண்டவரல்லர். நாமே வவுச்சர் எழுதி நீட்டினால், பாய்லரை விட்டு நகராமலே, "எதுக்கு சார் கையெழுத்து? நான் என்ன கடனா வாங்கினேன்?" என்று ஊருக்கே கேட்கும்படி முழங்குவார். கடைசியில் அவர் ஈரக்கையால் போட்ட கையெழுத்து, பால் கறையோடு வருஷக்கணக்கில் கோப்பில் பத்திரமாயிருக்கும்.

இதையெல்லாம் அற்பக் காரியமென்று கருதுவோருக்கு 2004-ஆம் வருஷத்து நாகப்பட்டினத்தை ஞாபகப்படுத்துகிறேன். சுனாமிக்குப் பிறகு லாரி லாரியாக வந்திறங்கிய பழந்துணிகள், மானமுள்ள மீனவர்கள் அவற்றைத் தொட மறுத்ததனால், சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அனுப்பியவர்கள் நல்லவர்களே, "என்ன வேண்டும்?" என்று முதலில் கேட்டு ஒரு பட்டியல் எழுதும் பொறுமைதான் அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. இப்போதோ, ஓர் அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் கம்பெனிகள் அதில் 2 சதவிகிதத்தைச் சமூகநலனுக்குச் செலவிட வேண்டுமென்று 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் விதித்துவிட்டபடியால், தர்மசிந்தனைக்கு மார்ச் மாதத்தில் திடீரென்று ஒரு வேகம் பிறக்கிறது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து ராத்திரி பகலாக ரிப்போர்ட் எழுதுகிறவனுக்குச் சம்பளம் கொடுக்கலாகாது என்பது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ!

இத்துறைக்கு வர விரும்பும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சமூகப்பணிக்கென்றே சென்னையில் 1952-இல் தொடங்கிய கல்லூரி இன்றும் நடைபெறுகிறது. முடிந்தவர்கள் அதுபோன்ற இடத்தில் படியுங்கள். முடியாதவர்கள், பக்கத்திலுள்ள ஓர் அமைப்பில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் நின்று, பானர் பிடித்துப் படமெடுத்துக்கொண்ட கூட்டம் கலைந்த பிறகு நாற்காலிகளை மடக்கி வையுங்கள். ஆள் தேவைப்படும்போது செயலாளருக்கு அந்த முகந்தான் ஞாபகத்துக்கு வரும். சேருகிற அன்றே சம்பளம் எவ்வளவென்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். கொஞ்சமாகத்தான் இருக்கும்.