நாற்காலியின் நிலைப்புக் கோட்பாடு: பீகாரை முன்வைத்து ஓர் ஆய்வு

கட்சி தாவல் குறித்து இதுவரை எழுதியோர் அனைவரும் தாவுகிறவரின் கால்களையே ஆராய்ந்தனர். அவர் அமர்ந்திருக்கும் நாற்காலியை எவரும் பொருட்படுத்தவில்லை. பீகாரில் பலமுறை முதல்வராகப் பதவியேற்ற நிதிஷ் குமாரை ‘அடிக்கடி அணி மாறுபவர்’ என்று உலகம் தவறாகக் கணித்தது இதனால்தான். சான்றுகளோ வேறு சொல்கின்றன. 2017 ஜூலை 26 மாலை, லாலு கட்சியுடனான ஆட்சியைக் கலைத்துப் பதவி விலகினார். மறுநாள் காலை பாஜக ஆதரவில் முதல்வர். 2022 ஆகஸ்ட் 9இல் பாஜகவை உதறினார். 10ஆம் தேதி லாலு கட்சியோடு முதல்வர். 2024 ஜனவரி 28, ஞாயிறு காலை ராஜினாமா. அன்று மாலையே, கடிதம் வாங்கிய அதே ஆளுநர் முன்னிலையில், மறுபடி பாஜகவோடு ஒன்பதாம் முறைப் பதவியேற்பு. மூன்று தடவையும் துணை முதல்வர் மாறினார், அமைச்சர்கள் மாறினர், எதிர்வரிசை ஆளும் வரிசையானது. அசையாதவர் ஒருவரே. ஆக, நிதிஷ் எங்கும் தாவவில்லை. கட்சிகள்தாம் அவரைச் சுற்றி வந்தன என்பதே எம் கருதுகோள்.

இதற்குத் தடை எழுப்புவோர் 2014ஐக் காட்டுவர். மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பொறுப்பேற்று அவர் தாமாகவே நாற்காலியை ஜீதன் ராம் மாஞ்சியிடம் கொடுக்கவில்லையா? கொடுத்தார். ஒன்பதே மாதத்தில் மாஞ்சி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 2015 பிப்ரவரியில் நாற்காலி உரியவரிடம் வந்து சேர்ந்தது. கோட்பாட்டுக்கு இதைவிட வலுவான நிரூபணம் இல்லை. இரண்டாம் தடை, ஹரியானாவின் கயா லால். சுயேச்சையாக வென்ற இவர் 1967இல் இரு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறி, ‘ஆயாராம் கயாராம்’ என்ற பட்டத்தை நாட்டுக்கே வழங்கினார். அவர் ஓடியது உண்மை; ஆனால் அவரிடம் முதல்வர் நாற்காலி இல்லை. இல்லாதவர் அதைத் தேடி அலைவார். இருப்பவரைத் தேடிக் கட்சிகள் அலையும். அதே மாநிலத்தின் பஜன் லால் 1980இல் ஜனதா அமைச்சரவையை அப்படியே காங்கிரசுக்கு மாற்றியும் முதல்வராகவே நீடித்தது இதற்குச் சாட்சி.

சட்டமும் எம் பக்கமே. 1985இல் வந்த அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், தன் கட்சியை விட்டுப் போகும் உறுப்பினரைப் பிடிக்கும். கட்சியையே கையோடு கூட்டிக்கொண்டு கூட்டணி மாறுகிறவர் அதன் கண்ணுக்கே தெரியமாட்டார். எனவே செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘முதல்வர் அணி மாறினார்’ என்று இனி எழுதாதீர்கள். ‘முதல்வர் அப்படியே இருக்கிறார், வாக்களித்தவர்கள்தாம் இன்று காலை எதிரணிக்குப் போய்விட்டார்கள்’ என்று எழுதுங்கள்.