எட்டாம் திணை: ஏ.எம்.சி. எடுத்தோர் துயர் பற்றிய ஓர் ஆய்வு

கைக்கிளையும் பெருந்திணையும் சேர்த்து அகத்திணை ஏழு என்று வகுத்தார் தொல்காப்பியர். அவர் காலத்தில் கணினி இல்லாமையால் எட்டாவது ஒன்று விடுபட்டுப்போனது. சிறு அலுவலகங்களின் கணினிகளை ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசிப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரரின் திணை அது. வழக்கில் அவர் ‘ஏ.எம்.சி. எடுத்தவர்’. ஆய்வெல்லை, திருப்பூரின் பனியன் கம்பெனி அலுவலகங்களும் ஆடிட்டர் அலுவலகங்களும். இது புறத்திணை ஆகாதோ எனின், ஆகாது. வெளியே சொன்னால் ஒப்பந்தம் போய்விடும் என்று உள்ளேயே வைத்துப் புழுங்குவதால் அகமே.

நிலம், மேசைக்கு அடியும் மேசைக்கு அடி சார்ந்த இடமும். தெய்வம் அமெரிக்காவின் ரெட்மண்டில் உறைவது; பெயர் மைக்ரோசாஃப்ட். விலங்கு எலி, இரு வகையும். பறை, செல்போன் மணி. உணவு, டீயும் தேங்காய் பன்னும். பன் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும்.

பொழுதுதான் விரிவாகப் பேசத்தக்கது. பெரும்பொழுது, மாதத்தின் இரண்டாம் செவ்வாய். பாதுகாப்புத் திருத்தங்களை அந்த நாளில் வெளியிடுவது என்று 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் வழக்கம் வைத்திருக்கிறது. அங்கே காலை 10 மணி என்றால் இங்கே இரவு பத்தரை, அவர்களுக்குக் குளிர்காலமானால் பதினொன்றரை. ஆகவே சிறுபொழுது புதன் காலை ஒன்பதரை. சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு சிஸ்டத்தை ஆன் செய்யும் வேளை.

2021 செப்டம்பரின் புதன்கிழமையை இத்திணையின் உச்சம் எனலாம். அந்த ஆண்டு விண்டோஸின் அச்சிடும் சேவையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. ஜூலையில் அவசரத் திருத்தம் வந்தது. ஆகஸ்டில் நிர்வாகி உரிமை உள்ளவர் மட்டுமே பிரிண்டர் டிரைவரை நிறுவலாம் என்ற கட்டுப்பாடு வந்தது. செப்டம்பர்த் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு கணினியில் மாட்டிய பிரிண்டரை மற்றவை பகிர்ந்துகொள்ளும் இடங்களில் 0x0000011b என்ற பிழை எண் எழுந்தது. நம் சிறு அலுவலகங்களில் பிரிண்டர் என்பதே பெரும்பாலும் இப்படிப் பகிர்ந்துகொள்வதுதான். வாசலில் லாரி நிற்கிறது. இ-வே பில் அச்சாகவில்லை.

“தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் ஓடுச்சுங்களே. நீங்க ஏதாச்சும் பண்ணுனீங்களா?”

“நான் ஒண்ணும் பண்ணலைங்கண்ணா. அப்டேட் வந்திருக்குங்க.”

“அப்டேட்டைப் போட்டது நீங்கதானுங்களே?”

இங்கே நிறுவனத்தின் பக்கம் நின்றும் பேச வேண்டும். ஓட்டை உண்மையானது, அடைத்தே ஆகவேண்டியது. ஆனால் ஏ.எம்.சி.காரர்கள் பலர் கைக்கொண்ட மருந்து என்ன? திருத்தத்தை நீக்குவது, அல்லது ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கி அந்தப் பாதுகாப்பை அணைப்பது. ரெட்மண்ட் பூட்டிய கதவைத் திருப்பூரில் திறந்துவிட்டால்தான் லாரி கிளம்பும். இரண்டு பேரும் தத்தம் கடமையைத்தான் செய்தார்கள் என்பது இவ்வாய்வாளர் துணிபு.

உரிப்பொருள், மாறுதலும் மாறுதல் நிமித்தமும். நிமித்தம் விளங்கும் மாறுதல்கள் உண்டு. ஸ்கைடிரைவ் 2014இல் ஒன்டிரைவ் ஆனதற்குக் காரணம், ‘ஸ்கை’ என்ற பெயருக்காக பிரிட்டனின் பிஎஸ்கைபி தொடுத்த வழக்கில் முந்தைய ஆண்டு மைக்ரோசாஃப்ட் தோற்றது. மற்றவற்றுக்கு உரை காண்பது கடினம். அலுவலக அரட்டைக்கு 2010இல் லிங்க், 2015இல் ஸ்கைப் ஃபார் பிசினஸ், 2017இல் டீம்ஸ். 2023இல் அஸூர் ஆக்டிவ் டைரக்டரி என்ட்ரா ஐடி ஆயிற்று. தொலைவிலுள்ள கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் செயலிக்குப் பதிலாக 2024இல் ஒன்று வந்தது. அதன் பெயர் ‘விண்டோஸ் ஆப்’. அதில் ஒரு கோளாறு என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். விண்டோஸில் ஓடும் அத்தனை ஆப்களின் கோளாறுகளும் வரிசையில் வந்து நிற்கும்.

கணக்கு விவகாரம் இன்னும் நுட்பமானது. ஒரே மின்னஞ்சல் முகவரிக்கு ‘வேலை அல்லது பள்ளி’க் கணக்கு ஒன்று, ‘தனிப்பட்ட’ கணக்கு ஒன்று என இரண்டு இருக்கலாம். இரண்டுக்கும் கடவுச்சொல் வேறு. நிறுவனம் பராமரிக்கும் அலுவலக முகவரியில் புதிதாகத் தனிப்பட்ட கணக்கு தொடங்குவதை 2016இல் மைக்ரோசாஃப்டே தடுத்துவிட்டது. ஆனால் அதற்கு முன் பிறந்த இரட்டையர் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எந்தக் கணக்கு என்று திரை கேட்கும்போது அக்கவுண்டன்ட் அம்மா தவறானதைத் தொடுவார்; கடவுச்சொல் சரியாகவே இருக்கும், கதவு திறக்காது. மாலைக்குள் பறை ஒலிக்கும்.

இனி 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு அன்றோடு முடிந்தது. 11க்கு மாறலாமென்றால் டிபிஎம் 2.0 சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியைப் பழையது என்று அறிவிக்கும் பொறுப்பு யாருடையது? நிறுவனம் திரையில் ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்பவர் ஏ.எம்.சி.காரர். “நல்லாத்தானே ஓடுது, இதுல உங்களுக்கு எவ்வளவு கமிஷனுங்க?” என்ற கேள்வியும் அவருக்கே. புதுக் கணினி வாங்கினாலோ, 11இல் ஸ்டார்ட் பொத்தான் நடுவே போயிருக்கும். டாஸ்க்பார் அமைப்பில் அதை மறுபடி இடது ஓரத்துக்குத் தள்ளிவைப்பதே அவர் செய்யும் முதல் திருப்பணி.

ஆக, இவர் விற்பது எது எங்கே இருக்கிறது என்ற அறிவு. அதை இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர் வேறொருவர். மாற்றத்தால் விளையும் விளக்க வேலைக்கு எந்த ஒப்பந்தப் பத்திரத்திலும் ஒரு வரி கிடையாது. ஆண்டுத் தொகை முன்பே பேசப்பட்டது. வேலை ஒழுங்காக நடந்தால் நடந்ததே யாருக்கும் தெரியாது.

இத்திணையின் ஊடல் மார்ச் கடைசியில், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சில் நிகழும்.

“இந்த வருசம் பெருசா ரிப்பேர் ஒண்ணும் வரலைங்களே தம்பி. கொஞ்சம் குறைச்சுப் போட்டுக்கலாமுங்களா?”