நானூறு ரூபாய் நீதி

2017 ஏப்ரல்–மே பருவத் தேர்வு முடிவுகள் வந்த பிறகு, அண்ணா பல்கலைக்கழகத்தில் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 3,02,380 பேர். அவர்களில் 73,733 பேர் இரண்டாம் தடவை திருத்தியதில் தேறிவிட்டார்கள். இன்னும் 16,636 பேருக்கு மார்க் ஏறியது. மார்க்கைக் கூட்டிப் போட ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் கைமாறியது என்று சொல்லி, மறு ஆண்டு லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் பெயரும் அதில் இருந்தது. ஊரே வாய் பிளந்து லஞ்சத்தைப் பற்றிப் பேசித் தீர்த்தது. எனக்கு அந்த 73,733-தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

காசு கொடுத்தது யார், வாங்கியது யார் என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். கொடுக்காமலே தேறியவர்களைப் பாருங்கள். அதே விடைத்தாள், அதே கையெழுத்து, அதே அடித்தல் திருத்தல். முதல் தடவை ஃபெயில், இரண்டாம் தடவை பாஸ். ஒன்று, முதலில் திருத்தியவர் தவறு செய்தார். இல்லை, இரண்டாவது திருத்தியவர் தவறு செய்தார். மூன்றாவது வழி கிடையாது. பல்கலைக்கழகம் இந்த இரண்டில் ஒன்றை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு முடிவுகளுக்கும் சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு, சரி என்று சொல்லிவிட்டது.

மறுமதிப்பீடு ஒன்றும் தருமம் அல்ல. உன் விடைத்தாளை நீயே பார்க்க நகலுக்கு 300 ரூபாய். அதை இன்னொருவர் படித்துப் பார்க்க 400 ரூபாய். ஆளுக்கு ஒரே ஒரு தாள் என்று வைத்தால்கூட, மூன்று லட்சம் பேரிடம் நானூறு நானூறாக வாங்கினால் 12 கோடி ரூபாய் ஆகிறது. ஓட்டலில் சாம்பாரில் பல்லி கிடந்தால் முதலாளி ஓடி வந்து மன்னிப்புக் கேட்டு பில்லைக் கழிப்பார். இங்கே, பல்லி கிடக்கிறதா என்று பார்ப்பதற்கே தனி பில். கிடந்தது உறுதியான பிறகும், அந்தக் காசு தன் கைக்குத் திரும்பி வந்ததாகச் சொன்ன ஒரு மாணவரையும் நான் கண்டதில்லை. தவறு செய்வதில் வருமானம் இருக்கும்வரை தவறைக் குறைக்க எவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது?

திருத்தும் இடத்துக்குப் போவோம். ‘கேம்ப்’ என்பார்கள். ஏதோ ஒரு கல்லூரியின் ஹாலில் பெஞ்சு போட்டு, காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. தாளில் பெயர் இருக்காது, டம்மி நம்பர்தான். இரண்டு மார்க் கேள்வி பத்து, பதின்மூன்று மார்க் கேள்வி ஐந்து, பதினைந்து மார்க் கேள்வி ஒன்று. இப்படிக் கூட்டினால் நூறு. இந்தப் பதின்மூன்று எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? தெர்மோடைனமிக்ஸில் பதின்மூன்று மார்க் அளவுக்கு ஓர் அறிவு இருக்கிறது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. இருபதும் பதினைந்தும் போக மீந்த அறுபத்தைந்தை ஐந்தால் வகுத்தார்கள், அவ்வளவுதான்.

திருத்துபவர் கையில் ‘கீ’ இருக்கும். கீயில் உள்ள வார்த்தை தாளில் இருக்கிறதா என்று கண் ஓடும். படம் இருந்தால், அதில் அம்புக்குறி இருந்தால், கருப்புப் பேனாவில் தலைப்பும் பென்சிலில் அடிக்கோடும் இருந்தால் எட்டு. இல்லாவிட்டால் ஐந்து. கணக்கை வேறு வழியில் போட்டுச் சரியான விடைக்கு வந்த பையனைப் பார்த்துத்தான் அவர் உண்மையிலேயே பயப்படுவார். அந்த வழி சரிதானா என்று யோசிக்க ஐந்து நிமிடம் வேண்டும். கட்டில் இன்னும் பாதித் தாள் பாக்கி. இரண்டு மார்க் போட்டுவிட்டு அடுத்த பக்கம். சிந்தித்ததற்குத் தண்டனை கொடுக்கிறோம் என்று அவருக்கே தெரியும். “ஏன் சார் ஆறு போட்டீங்க?” என்று கேட்டால், “எட்டுப் போட்டா ஏன் எட்டுன்னு கேப்பாங்க, நாலு போட்டா ஏன் நாலுன்னு கேப்பாங்க. ஆறுக்கு யாரும் வர மாட்டாங்க” என்பார். பொறியியல் கல்வியின் மொத்தத் தத்துவமும் இந்த ஆறில் அடக்கம். அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. பல தனியார் கல்லூரிகளில் அவர் வாங்கும் சம்பளத்தைக் கேட்டால் தாளை அவர் படிப்பதே பெரிது என்று தோன்றும்.

இது ‘எக்ஸ்டர்னல்’. அடுத்தது, கல்லூரியே போடும் ‘இன்டர்னல்’. 2017 விதிமுறையில் நூற்றுக்கு இருபதாக இருந்ததை 2021 விதிமுறையில் தியரித் தாளுக்கு நாற்பது ஆக்கினார்கள். மாணவரைத் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்பது நோக்கமாம். நல்ல நோக்கம்தான். அந்த நாற்பதைக் கல்லூரி எதற்குப் பயன்படுத்துகிறது என்று எந்த விடுதியில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். தாடி வைத்தால் இன்டர்னல். பஸ் கட்டணம் பாக்கி இருந்தால் இன்டர்னல். கேன்டீனில் பெண்ணோடு பேசினால் இன்டர்னல். ஹெச்.ஓ.டி.யை எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டால், கேட்கவே வேண்டாம். இன்னொரு பக்கம், தேர்ச்சி விகிதம் குறைந்தால் அடுத்த ஆண்டு அட்மிஷன் விழாது என்பதால் அடங்கி ஒடுங்கிய பிள்ளைகளுக்கு அதே நாற்பதில் முப்பத்தெட்டு வாரி வழங்கப்படும். வாயைத் திறக்காமல் இருப்பதற்கான மார்க் அது. அதையும் சேர்த்துத்தான் டிகிரி.

இத்தனை ஓட்டைகளோடு வரும் எண்ணை அப்படியே சான்றிதழில் அச்சிட்டால் வெட்கக்கேடு என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். கிரேடு வந்தது. ஓ என்றால் பத்து, ஏ பிளஸ் ஒன்பது, ஏ எட்டு என்று இறங்கி, சி ஐந்து, யு என்றால் மறுபடியும் எழுது. 2021 விதிமுறையில் அதற்கு மேல் ஒரு முலாம் பூசினார்கள். ஒரு பாடத்தில் தேறியவர்கள் முப்பதுக்கு மேல் இருந்தால், அவர்களுடைய மார்க்குகளை மென்பொருளில் போட்டு, பாக்ஸ்–காக்ஸ் உருமாற்றம் செய்து, எந்த மார்க் வரை என்ன கிரேடு என்பதை அதுவே சொல்லும். ஜார்ஜ் பாக்ஸும் டேவிட் காக்ஸும் 1964இல் எழுதிய கட்டுரையில் வந்த முறை. கோணலாகக் கிடக்கும் தரவைச் சீராக்குகிற, புள்ளியியலில் மரியாதையான கருவி. ஆனால் அவர்கள் கொடுத்தது தரவை நிமிர்த்த. கேம்ப்பில் கட்டை முடிக்கிற அவசரத்தில் விழுந்த ஆறையும், தாடி வைத்ததற்காகக் குறைந்த ஏழையும் எந்த உருமாற்றமும் உண்மையாக்காது. குப்பையின் மேல் கணிதத்தைத் தெளித்தால் குப்பை குப்பைதான், கேள்வி கேட்பவன் மட்டும் காணாமல் போவான். “சார், எண்பத்திரண்டு வாங்கியும் ஏன் ஏ?” என்று மாணவி கேட்டால் முன்பு ஆசிரியர் மழுப்பவாவது வேண்டியிருந்தது. இப்போது “சாஃப்ட்வேர்மா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

கிரேடுகளைச் சராசரியாக்கி வரும் சிஜிபிஏ எண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் இன்னொரு கூத்து. பிள்ளைகள் பத்தால் பெருக்கி, 8.25 என்றால் 82.5 சதவீதம் என்று பயோடேட்டாவில் எழுதுகிறார்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அட்டவணையில் அதே 8.25 என்பது 75 சதவீதம். ஒரே மாணவி, ஒரே மூளை, நடுவில் ஏழரை. சனி பகவானின் கணக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கொரோனா காலத்தில் முகமூடி போடச் சொன்னார்கள், பல்கலைக்கழகத்தின் முகமூடி மட்டும் கழன்றது. 2020 ஆகஸ்டில் தமிழக அரசு, தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் போதும், அரியர் எல்லாம் பாஸ் என்று அறிவித்தது. இறுதிப் பருவத்துக்கு மட்டும் விலக்கு. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியை அரியர் மாணவர்களின் அரசனாக்கி பேனர் வைத்தார்கள். ஊர் சிரித்தது. எனக்கு அந்தப் பையன்கள்மேல் கோபம் வரவில்லை. கட்டணம்தான் தகுதி என்பது அவர்களுக்கு எட்டு செமஸ்டராகத் தெரிந்த சங்கதி. அரசு அதை எழுத்தில் சொன்னது. ஏஐசிடிஇ எதிர்த்தது, வழக்கு நடந்தது, அரியர் ரத்தை ஏற்க முடியாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

அந்த 2021இன் தொடக்கத்தில் ஆன்லைன் தேர்வு வைத்தார்கள். காவலுக்குச் செயற்கை நுண்ணறிவு. ஒற்றை அறை வீட்டில், பின்னால் அம்மா குக்கர் இறக்க, தம்பி குறுக்கே ஓட, சிக்னல் விட்டுவிட்டு வர, பிள்ளைகள் எழுதினார்கள். கேமராவுக்கு அம்மா யார், பிட் யார் என்று தெரியாது. முடிவு வந்தபோது பாதிக்கு மேல் தேறவில்லை, பல்லாயிரம் பேரின் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. கடைசியில் அரசு தலையிட்டு மறுதேர்வு. கேமராவைக் கண்டித்ததாகவோ, அதை வாங்கி வைத்தவரைக் கண்டித்ததாகவோ செய்தி எதுவும் என் கண்ணில் படவில்லை. கண்டிக்கப்பட வேண்டியவர் இந்த ஏற்பாட்டில் எப்போதும் ஒருவர்தான். அவர் டம்மி நம்பருக்குப் பின்னால் இருப்பார்.

அதே 2021இன் இறுதியில், 2001–02 முதல் அரியர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறப்பு வாய்ப்பு தந்தார்கள். கூடுதல் கட்டணம் 5,000 ரூபாய். நாற்பது வயதைத் தொட்டவர்கள், லேத் பட்டறை நடத்துபவர்கள், துபாயில் சைட் பார்ப்பவர்கள், பிள்ளையின் பத்தாம் வகுப்புக் கணக்கைச் சொல்லித் தருகிறவர்கள், எம்–3 என்கிற மூன்றாம் கணிதத் தாளை எழுத ஹால் டிக்கெட்டோடு வர வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகளாக அவர்கள் கட்டிய கட்டடம் நிற்கிறது, ஓட்டிய மெஷின் ஓடுகிறது. அதற்கெல்லாம் பாடத்திட்டத்தில் இடமில்லை. லாப்லாஸ் உருமாற்றத்தை வரையறு, இரண்டு மார்க். அவர்கள் தாளையும் அதே கேம்ப்பில், மதியக் கட்டில், சாப்பாட்டுத் தூக்கத்தோடு ஒருவர் திருத்துவார். நாற்பத்தொன்பது போட்டால் பயப்பட வேண்டாம், நகலுக்கு முந்நூறும் ரீவேல்யூவேஷனுக்கு நானூறும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே.