வேலூரும் கொடைக்கானலும்

டொராண்டோவில் ஜனவரி. வெளியே மைனஸ் 18 டிகிரி. எங்கள் வீட்டு ஹாலில் தெர்மோஸ்டாட் 21 என்று காட்டும். அரிச்சந்திரன்தான், பொய் சொல்லாது. ஆனால், தான் மாட்டியிருக்கும் சுவரைத் தாண்டி அதற்கு ஊர் உலகம் தெரியாது. மாடியில் மகளின் அறை வேலூர். கராஜுக்கு மேலே இருக்கும் அறை கொடைக்கானல். மதுரையிலிருந்து வந்திருந்த மாமனாரையும் மாமியாரையும் அங்கேதான் தங்க வைத்திருந்தோம்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. ராத்திரி மூக்கு இருக்கான்னு ரெண்டு தரம் தொட்டுப் பாத்துக்கிட்டேன்" என்றார் மாமனார், குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டபடி. அதே நேரத்தில் எதிர் அறையிலிருந்து மகள், "அப்பா, எனக்கு ஒரு ஃபேன் வேணும்" என்றாள்.

எங்கள் வீட்டில் சூடு பேஸ்மென்ட்டில் பிறக்கிறது. அங்கே ஃபர்னஸ் சூடாக்கும் காற்றை ஒரு விசிறி தகரக் குழாய்களில் தள்ளி அறை அறையாக அனுப்புகிறது. கல்யாணப் பந்தி மாதிரிதான். முதல் இலைக்கு எல்லாம் சுடச்சுட விழும். கோடி இலைக்கு வரும்போது ரசம்கூட ஆறிப்போயிருக்கும். கராஜ் மேல் அறைதான் கோடி இலை. போதாக்குறைக்கு அதன் தரைக்குக் கீழே ஹீட்டர் இல்லாத கராஜ்.

எனக்குத் தெரிந்த நியாயத்தைச் செய்தேன். மகளின் அறை, ஹால், சமையலறை என்று எல்லா வென்ட்டையும் மூடினேன். மிஞ்சும் சூடெல்லாம் மாமனாருக்குப் போய்ச் சேரும் என்பது கணக்கு. அன்றிரவு ஃபர்னஸே நின்றுவிட்டது.

மறுநாள் பழுது பார்க்க வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். "எல்லாத்தையும் பூட்டிப்போட்டியள் அண்ணை. காத்துப் போக வழியில்லாட்டி ஃபர்னஸ் கொதிச்சு, தன்னைத்தானே நிப்பாட்டும்" என்றார். ஃபில்டரை உருவிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஓர் ஆட்டுக்குட்டி அதில் படுத்திருந்தது. பிறகு குழாய்களில் இருந்த சின்னக் கைப்பிடிகளைக் காட்டினார். டேம்பராம். குழாயோடு நீட்டவாக்கில் இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் அடைப்பு. "கொஞ்சங் கொஞ்சமாத் திருப்புங்கோ. ஒரு நாள் விட்டுப் பாருங்கோ."

காற்று ஃபர்னஸுக்குத் திரும்பிப் போகும் வழியை எங்கள் சோபா அடைத்துக்கொண்டிருந்தது. நகர்த்தினேன். ஹாலில் சூடு வரும் வென்ட்டின் மேல் ஒரு தாம்பாளம் இருந்தது. அதில் மாமியார் மோர்மிளகாய் காய வைத்திருந்தார். "வெயிலே இல்லாத ஊருல இது ஒண்ணுதாங்க மாப்பிள்ளை உருப்படியா இருக்கு" என்றார். சூடு சமமாகப் போகாத வீட்டில் மோர்மிளகாய் வாசனை மட்டும் ஒவ்வோர் அறைக்கும் பாரபட்சமில்லாமல் போயிருந்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

டேம்பர் திருப்புவது பழைய வேலைதான். அமெரிக்காவில் விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் என்றோர் ஆசிரியர் இருந்தார். பாடம் நடக்கும்போதே பள்ளி ஊழியர் வகுப்புக்குள் வந்து சூடு எப்படி என்று பார்ப்பாராம். பிறகு கீழே போய் டேம்பரைத் திருப்புவாராம். இந்தத் தொல்லை தாங்காமல்தான் ஜான்சன் மின்சாரத் தெர்மோஸ்டாட் ஒன்றைச் செய்து, 1883இல் காப்புரிமையும் வாங்கினார். இத்தனை வருடம் கழித்து அந்த ஊழியர் வேலை எனக்குக் கிடைத்தது. கையில் தெர்மாமீட்டருடன் மாடி, அங்கிருந்து பேஸ்மென்ட், கைப்பிடியை ஒரு நூல் திருப்பிவிட்டு மறுபடி மாடி. இரண்டு வாரத்தில் வேலூர் 22, கொடைக்கானல் 20. ஒவ்வொரு கைப்பிடியும் நின்ற இடத்தில் மார்க்கரால் 'குளிர்காலம்' என்று எழுதி வைத்தேன். முழங்கால் வலிக்குத் தைலம் மாமியார் கொடுத்தார்.

மே மாதம் மதுரையிலிருந்து மாமனார் கூப்பிட்டார். "இங்க 40 டிகிரி மாப்பிள்ளை. அடுத்த வாரம் கிளம்பி வர்றோம். அந்தக் குளுகுளு ரூமை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

கோடையில் வீட்டிலேயே அதிகம் கொதிப்பது அந்த அறைதான். அதை அவரிடம் சொல்லவில்லை. மார்க்கரை எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்கினேன்.